கதவைத் தட்டாமல் பெயரை அடிக்காதீர்கள்

கேள்வி: ஐயா, திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மகளிர் குழு நடத்துகிறேன். எங்கள் ஊரில் காரும் மாடி வீடும் உள்ளவர்கள் முன்னுரிமை ரேஷன் அட்டையில் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் தனியாக வாழும் 74 வயதுப் பாட்டிக்கு மிக ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டை. ரேகை விழவில்லை என்று இரண்டு மாதமாக அரிசி தரவில்லை. இப்போது கேட்டால் "பேரு போயிடுச்சு" என்கிறார்கள். செங்கல் சூளைக்குப் போய்வந்த இரண்டு குடும்பங்களுக்கும் அதே பதில். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். எல்லா அட்டைகளையும் ரத்து செய்துவிட்டுத் தகுதி உள்ளவர்கள் மட்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தவறு செய்யும் ரேஷன் கடை விற்பனையாளரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். சரியா என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பாட்டியின் விஷயம் அவசரம். தீர்மானத்தை அப்புறம் பார்ப்போம்.

"பேரு போயிடுச்சு" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வழங்கல் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன், கடைசி ஒன்பது ஆண்டுகள் வட்ட வழங்கல் அலுவலராக. கடையில் இந்த ஒரு வார்த்தையை நான்கு வேறு நிலைமைகளுக்குச் சொல்வார்கள். ஆதார் ரேகைப் பதிவு நிலுவையில் இருக்கலாம். அட்டை தற்காலிகமாக முடக்கப்பட்டிருக்கலாம். அட்டையின் வகை மாறியிருக்கலாம். உண்மையிலேயே பெயர் நீக்கப்பட்டும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பதிவு செய்த கைபேசி எண்ணை வைத்துத் துறையின் இணையதளத்தில் நுழைந்தால் அட்டையின் நிலை தெரியும். அந்த எண் தொலைந்து போயிருந்தால் 1967 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

ரேகை விழாததுதான் சிக்கல் என்றால் அரிசியை மறுப்பதற்கு அது காரணமே இல்லை. நாற்று நட்டு, களை பறித்து, பாத்திரம் தேய்த்து வாழ்ந்த கையில் 74 வயதில் ரேகை எங்கே இருக்கும்? கண் விழிப் பதிவு இருக்கிறது, கைபேசிக்கு வரும் கடவு எண் இருக்கிறது, நேரில் வர முடியாதவருக்காக வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரச் சான்று இருக்கிறது. ஆதார் இல்லை, ரேகை சேரவில்லை என்பதற்காக யாருக்கும் உணவு தானியத்தை மறுக்கக் கூடாது, பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறையே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 70 வயதைத் தாண்டித் தனியாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பொருள் கொடுக்கும் தாயுமானவர் திட்டத்தையும் தமிழக அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் பாட்டிக்கு அதில் இடம் உண்டு.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கும். பாட்டியை அங்கே அழைத்துப் போங்கள். நடக்க முடியாவிட்டால் மனுவை நீங்களே எடுத்துப் போகலாம். "என் பெயர் எந்தத் தேதியில், எந்தக் காரணத்துக்காக, யாருடைய உத்தரவின் பேரில் நீக்கப்பட்டது?" என்ற ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். புலம்பல் வேண்டாம். காரணத்தை எழுதித் தர வேண்டிய நிலை வந்துவிட்டால் பாதி நீக்கங்கள் அங்கேயே சரியாகிவிடும். இதை நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன்.

இனி கார் விஷயம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் எது என்பதற்கு, தமிழ்நாட்டில் அட்டைகள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்று தெரிய வேண்டும்.

நம் மாநிலத்தில் ரேஷன் அரிசி ஏழைக்கு மட்டும் என்று வைக்கவில்லை. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் கொடுத்தது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2016 நவம்பர் 1 முதல் நாமும் அதற்குள் வந்தோம். சட்டப்படி தமிழ்நாட்டில் ஊரகத்தில் 62.55 விழுக்காடு, நகரத்தில் 37.79 விழுக்காடு, மொத்தம் 364.70 லட்சம் பேர்தான் மத்திய அரசின் கணக்கில் வருவார்கள். அவர்கள்தான் முன்னுரிமைக் குடும்பங்களும் அந்தியோதயா குடும்பங்களும். மற்றவர்கள் முன்னுரிமையற்ற குடும்பங்கள். அவர்களுக்கும் மாநில அரசு தன் செலவில் அரிசி கொடுக்கிறது, குடும்ப அளவைப் பொறுத்து அதிகபட்சம் 20 கிலோ. முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ. அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ.

ஆகவே கார் வைத்திருப்பவர் முன்னுரிமை அட்டையில் இருந்தால், அவரை மாற்றினாலும் அவருக்கு ரேஷன் நின்றுவிடாது. அவர் முன்னுரிமையற்ற அட்டைக்குப் போவார், அவ்வளவுதான். அப்படியானால் அவர் முன்னுரிமையில் இருப்பதால் யாருக்கு நஷ்டம்? ஆறு, ஏழு பேர் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு. அவர்கள் முன்னுரிமையில் இருந்தால் 30, 35 கிலோ வாங்குவார்கள். முன்னுரிமையற்ற அட்டையில் மாட்டிக்கொண்டால் 20 கிலோவோடு சரி. 364.70 லட்சம் என்பது உச்ச வரம்பு. அதுவும் 2011 மக்கள் தொகைக் கணக்கை வைத்துப் போட்டது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போனதால் அந்த எண் அப்படியே நிற்கிறது. உள்ளே ஒருவர் தவறாக உட்கார்ந்திருந்தால், வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்று பொருள். ஆகவே தவறான அட்டைகளைச் சரிசெய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்பது சரிதான்.

யாருக்கு முன்னுரிமை அட்டை கிடையாது என்பதை 2017 ஜூலையில் மாநில அரசு விதியாக அரசிதழில் வெளியிட்டது. வருமான வரி, தொழில் வரி கட்டுபவர் வீட்டில் இருந்தால், 5 ஏக்கருக்கு மேல் நிலம் இருந்தால், அரசு ஊழியர் என்றால், சொந்த உபயோகத்துக்கு நான்கு சக்கர வாகனம் இருந்தால், ஏ.சி. இருந்தால், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட கான்கிரீட் வீடு இருந்தால், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் முன்னுரிமை கிடையாது. அந்த அறிவிப்பு வந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரேஷனே நின்றுவிடப் போகிறது என்று ஊரே பதறியது. யாருக்கும் அரிசி நிற்காது என்று அமைச்சரே விளக்க வேண்டியிருந்தது.

அந்த விதியை ஒரு முறை கூர்ந்து படியுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றால் மாதம் 8,333 ரூபாய். ஒரு கொத்தனாரும் நூறு நாள் வேலைக்குப் போகும் அவர் மனைவியும் உள்ள வீடு அதைத் தாண்டிவிடாதா? கடன் வாங்கி வாடகைக் கார் ஓட்டுபவரின் வண்டி "சொந்த உபயோகம்" ஆகுமா? வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கார்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். அண்ணன் கட்டிய மாடி வீட்டின் ஒரு மூலையில் அடுப்பு வைத்துக்கொண்டிருக்கும் கணவனை இழந்த தங்கைக்கு மாடி வீடு இருக்கிறது என்று எழுதிவிடலாமா? நீங்கள் குறிப்பிடும் அந்த வீடுகளிலும் உள்ளே போய்ப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

இதனால்தான் "எல்லா அட்டைகளையும் ரத்து செய்" என்ற வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நிபந்தனையில்லாமல் எடுத்துவிடுங்கள். எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்றால் கார் வைத்திருப்பவர் முதல் நாளே இ-சேவை மையத்தில் நிற்பார். கேட்ட சான்றிதழ்கள் எல்லாம் அவரிடம் இருக்கும், இல்லாவிட்டால் வாங்கத் தெரியும். கடைசியில் விடுபட்டு நிற்பது உங்கள் பாட்டியும் அந்தச் சூளைக் குடும்பங்களும்தான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. என் கையெழுத்தோடு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வட்டத்தில் போலி அட்டைகளைக் களையும் பணி நடந்தது. வீடு வீடாகப் போன பணியாளர்கள் பட்டியல் கொண்டுவந்தார்கள். சில பெயர்களுக்கு நேராகப் "பூட்டிய வீடு" என்று இருந்தது. ஒரே மாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன். வைகாசியில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு அலுவலகத்துக்கு வந்தார். தை மாதம் குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள், திரும்பி வந்தால் அட்டை இல்லை. "வீடு பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுல கேக்கக் கூடாதாய்யா?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை. அந்த அட்டையை மீட்டுக் கொடுக்க எனக்கே ஐந்து மாதம் ஆனது. அடித்த கையெழுத்துக்கு ஒரு நிமிடம், திருத்துவதற்கு ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் அவர்கள் வெளிச்சந்தையில் அரிசி வாங்கினார்கள். அதற்கு யாரும் எனக்கு விளக்கக் கடிதம் அனுப்பவில்லை. போலி அட்டை ஒன்றை விட்டுவிட்டால் கேள்வி வரும். உண்மையான அட்டை ஒன்றை நீக்கிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நம் விதிகளில் உள்ள பெரிய கோணல் இதுதான். தகுதி விதியை எவ்வளவு இறுக்கினாலும் இந்தக் கோணல் இருக்கும்வரை அடி ஏழையின் வயிற்றில்தான் விழும்.

ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி இறந்துபோனாள். ஆதார் இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் அட்டை ரத்தாகியிருந்தது, பல மாதங்களாக ரேஷன் இல்லை. பசியால்தான் இறந்தாள் என்று தாய் சொன்னார், மலேரியா என்று அரசு சொன்னது. அட்டை ரத்தானது மட்டும் உண்மை. மேலே நான் சொன்ன 2017 அக்டோபர் கடிதம் அதற்குப் பிறகு வந்ததுதான். அதே மாநிலத்தில் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவர் சகாக்களும் பெரிய அளவில் ஆய்வு செய்தார்கள். கடைகளில் ஆதார் ரேகையைக் கட்டாயமாக்கியதால் மட்டும் கசிவு குறையவில்லை. அட்டையில் ஆதார் இணைக்காமல் இருந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது சுமார் 10 விழுக்காடு குறைந்தது. திருட்டு அப்படியே தொடர்ந்தது, எளியவர்களின் பங்கு குறைந்தது.

நம் ஊரிலும் ஒரு முறை வரம்பு போட்டுப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டியவர்களின் அட்டையில் "எச்" முத்திரை குத்தி, பொருள் இல்லை என்றார்கள். 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. அப்போது வரிசையில் நின்று சண்டை போட்டவர்களில் ஆலைக் கூலிகளும் சிறு கடைக்காரர்களும் இருந்தார்கள், பெரும் பணக்காரர்களை நான் பார்க்கவில்லை.

சரி, சூளைக் குடும்பங்களுக்கு வருவோம். 2025 ஜூலையில் மத்திய அரசு பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியது. ஆறு மாதம் தொடர்ந்து பொருள் வாங்காத அட்டையைத் தற்காலிகமாக முடக்கலாம். அட்டையில் உள்ள எல்லோரும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஆதார் சரிபார்ப்பு செய்ய வேண்டும். உங்கள் இரண்டு குடும்பங்களும் இந்த ஆறு மாத விதியில் சிக்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சூளை வேலை ஆறு மாதம், ஏழு மாதம் என்று நீளும். ஆனால் அதே திருத்தம் இன்னொன்றையும் சொல்கிறது. முடக்கியபின் மூன்று மாதத்துக்குள் நேரில் போய் விசாரித்து, ஆதார் சரிபார்ப்பும் செய்து, தகுதி இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். முடக்குவது கணினியின் வேலை, அது தானாக நடந்துவிடும். நேரில் போவது மனிதரின் வேலை, அது நடந்ததா என்று கேட்பதற்குத்தான் ஆள் தேவை. அந்த ஆள் உங்கள் கிராம சபை.

அந்தக் குடும்பங்களிடம் இதையும் சொல்லிவையுங்கள். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம், முன்னுரிமை அட்டையை வைத்து வெளி மாநிலத்திலும் வாங்கலாம். வெளியூர் அட்டைக்குச் சரக்கு ஒதுக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் கடைகள் உண்டு. அப்படி அனுப்பினால் அங்கிருந்தே 1967க்குப் பேசி, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாங்காமல் இருந்ததற்குக் காரணம் கடைதான் என்பதற்கு அது சாட்சியாகும்.

விற்பனையாளரை நீக்கும் கோரிக்கையில் எனக்கு வருத்தம் இருக்கிறது. தவறு செய்பவர்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். வாங்காத பருப்புக்கும் பாமாயிலுக்கும் பில் போட்டதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருவது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது! 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு வெளியே என்ன விலை என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் குறுஞ்செய்திக்குப் பின்னால் உள்ள லாபம் புரியும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.

ஆனால் ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த நிலையில்தான் பல விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். கிடங்கிலிருந்து 50 கிலோ என்று எழுதிய மூட்டை வருகிறது. சாக்கின் எடையே அரைக் கிலோவுக்கு மேல். மூட்டை சிந்தியிருக்கும், குத்தூசி போட்டிருப்பார்கள். பெரும்பாலான கடைகளில் இறக்கும்போது எடை போட்டுப் பார்க்க நேரமும் இல்லை, தராசும் தோதாக இருப்பதில்லை. நான் திடீரென்று போய் எடை போட்டபோது 47 கிலோவும் இருந்திருக்கிறது, 48 கிலோவும் இருந்திருக்கிறது. குறைந்த மூன்று கிலோவை யார் தலையில் கட்டுவது? தணிக்கையில் இருப்பு குறைந்தால் விற்பனையாளரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவர் அதை உங்கள் பாட்டியின் தராசில் கால் கிலோ, கால் கிலோவாக எடுப்பார். இப்போது கடைத் தராசை விற்பனைக் கருவியோடு இணைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கொடுக்கும் இடத்தில் மட்டும் சரியான எடை, வாங்கும் இடத்தில் கண்ணால் பார்த்த எடை என்றால் நேர்மையான விற்பனையாளர் கைக்காசைப் போட வேண்டும், இல்லாவிட்டால் திருட வேண்டும்.

சத்தீஸ்கர் இதில் நல்ல பாடம். ஒரு காலத்தில் ஊழலுக்குப் பேர்போன விநியோகம் அது. 2004இல் தனியாரிடமிருந்து கடைகளை எடுத்து ஊராட்சிகள், மகளிர் குழுக்கள், கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுத்தார்கள். கடைக்காரர் கிடங்குக்குப் போய் எடுத்துவரும் வழக்கத்தை மாற்றி, அரசு வண்டியே கடை வாசலில் இறக்கும்படி செய்தார்கள். வழியில் வேறெங்கும் ஒதுங்கினால் ஊர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அந்த வண்டிகளுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். கணக்கு கேட்பது கிடங்கில் தொடங்கியது. நம்மிடமும் 34,000க்கும் அதிகமான கடைகள் இருக்கின்றன, பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துபவை. அடித்தளம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் போதும்.

சட்டம் உங்களுக்குக் கை கொடுக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விநியோகப் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. 28ஆம் பிரிவு சமூகத் தணிக்கை. 29ஆம் பிரிவின்படி கடை அளவிலேயே கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், அதில் பெண்கள், பட்டியல் சாதியினர், ஆதரவற்றோர் அல்லது மாற்றுத்திறனாளிகள் இடம்பெற வேண்டும். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் உறுப்பினருக்கே தாம் உறுப்பினர் என்று தெரியாது. 15ஆம் பிரிவில் மாவட்டக் குறைதீர் அலுவலர், 16ஆம் பிரிவில் மாநில உணவு ஆணையம். குறைதீர் அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தகுந்த காரணமில்லாமல் தராத அரசு ஊழியருக்கு 33ஆம் பிரிவில் 5,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. அந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை என்பது என் கருத்து. அதைவிடப் பெரிய குறை, தவறாகப் பெயரை நீக்கிய செயலுக்கே அங்கே தண்டனை இல்லை என்பது.

ஒன்றை மறக்காதீர்கள். கிராம சபைக்கு யார் பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ அதிகாரம் இல்லை. ஆகவே கூட்டத்தில் கார் வீட்டுக்காரர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம். ஊர்ப் பகையாகிவிடும், பழைய சண்டைகள் எல்லாம் இதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெயர்களை எந்த விதியின் கீழ் ஆட்சேபிக்கிறீர்கள் என்று எழுதி, வட்ட வழங்கல் அலுவலரிடம் தனி மனுவாகக் கொடுங்கள். பாட்டிக்காக நாம் கேட்கும் விசாரணை அவர்களுக்கும் உண்டு.

தீர்மானத்துக்கு என் வாசகம் இது. வேண்டிய இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

"எங்கள் ஊராட்சியில் எந்தக் குடும்ப அட்டையும், எந்த உறுப்பினரின் பெயரும், எழுத்து மூலமான முன்னறிவிப்பை வீட்டில் நேரில் கொடுத்து, 30 நாள் அவகாசம் தந்து, விசாரித்த பிறகே நீக்கப்பட வேண்டும். வீடு பூட்டியிருந்தால் அண்டை வீட்டார் இருவரின் வாக்குமூலம் பெற வேண்டும். முடக்கப்பட்ட, நீக்கப்பட்ட, வகை மாற்றப்பட்ட அட்டைகளின் பட்டியலைக் காரணத்தோடும் உத்தரவிட்ட அலுவலரின் பதவி, தேதியோடும் மாதந்தோறும் கடைப் பலகையில் ஒட்ட வேண்டும். தவறு என்று தெரிந்தால் விடுபட்ட மாதங்களின் பொருளை, அல்லது சட்டத்தின் 8ஆம் பிரிவில் சொல்லப்பட்ட உணவுப் பாதுகாப்புப் படியை வழங்க வேண்டும். கடைக்கு வரும் மூட்டைகளைக் கண்காணிப்புக் குழு உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் எடை போட்டு, குறைவைக் கிடங்கின் கணக்கில் எழுத வேண்டும். முன்னுரிமைப் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை கிராம சபையின் பார்வைக்கு வைத்து, ஆட்சேபணைகளை எழுத்தில் பெற வேண்டும்."

30 நாள் என்பதும் அண்டை வீட்டார் சாட்சியம் என்பதும் நான் கேட்கச் சொல்வது, இன்றைய விதியில் அப்படி இல்லை. "அப்படி விதி இல்லையே" என்று அதிகாரிகள் சொன்னால், அதனால்தான் தீர்மானம் போடுகிறோம் என்று சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலை வட்ட வழங்கல் அலுவலர், மாவட்ட வழங்கல் அலுவலர், மாநில உணவு ஆணையம் மூவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

பாட்டிக்காக முகாமுக்குப் போகும்போது அட்டை, ஆதார் இரண்டின் அசலும் நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, உங்கள் பிரதியில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிவிடுங்கள். நாளைக்கு மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.